ரோட்டுக் கல்மணலில் நீலமணி

மே 18
மேகம், 9 பாகை. நேற்று இந்தக் குளிர்நாட்டின் தேசிய தினம்; கொடியைப் பக்கத்து வீட்டில் இன்னும் கழற்றவில்லை. ரீற்றா இழுப்பறையிலிருந்து விதைப் பொட்டலத்தை எடுத்து என் கோப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். மனைவி பேசாமல் வைத்தால் அர்த்தம் இருக்கும். நத்தார்ப் பண்டிகைக்கு அரிசோனாவிலிருந்து மருமகன் சரவணன் அனுப்பியது. நான் ஒரு சொல்லும் கதைத்திராத மருமகன். மகள் மெலனி மாதா கோயிலுக்குப் போகாமல் பதிவுத் திருமணம் செய்தாள்; நான் போகவில்லை. இரண்டு வருடம் ஆகிறது.

பொட்டலத்தில் அவன் கையெழுத்து: 'பாலைவன நீலமணி. எங்க வீட்டுக்குப் பின்னால தானா பூக்குது, மாமா.'

மாமாவாம். துணிச்சல்காரன்.

பாதி விதையைத் தொட்டியில் போட்டேன். நல்ல எரு. காலையும் மாலையும் தண்ணீர்.

மே 29
வெயில். முளைத்துவிட்டன. எங்கள் வீட்டில் மீன் கழுவிய தண்ணீர் வீணாய்ப் போவதில்லை, இவற்றுக்கும் விட்டேன். மெலனி தாய்க்குப் போன் எடுத்தாள். ஜூலை 25 வருகிறார்கள்.

"திராமன் நகரத்திலை சிநேகிதி வீட்டிலைதான் தங்குவினமாம்," என்றாள் ரீற்றா. "இஞ்சை மத்தியானச் சாப்பாடு மட்டும்."

மேல் அறை சும்மாதானே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 3
மழை. நாற்றெல்லாம் அடியில் அழுகிச் சாய்ந்துவிட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை.
செய்ய: காருக்கு எண்ணெய். பல் டொக்டர். சரவணனுக்குப் போன்.

ஜூன் 4
மூன்றாவதை மட்டும் செய்தேன். போனைச் சரவணனே எடுத்தான்.

"எல்லாம் செத்துப்போச்சு," என்றேன். வேறெப்படித் தொடங்குவது?

"எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க, மாமா?"

சொன்னேன். மீன் தண்ணீரையும் சேர்த்து. சிரிப்பை அடக்கினான், கேட்டது.

"அதுக்குச் சத்தே ஆகாது, மாமா. வெறும் மணல்ல போட்டு லேசா மூடி விட்டுருங்க. ரொம்பக் கவனிச்சா அழுகிடும்."

மெலனியை நினைத்தேன். பியானோ வகுப்பு, பாடகர் குழு, சிநேகிதிகள் வீடு, எங்கேயும் பின்னால் நான். கஷ்டமாக இருந்தது.

பனியில் வழுக்காமலிருக்க நடைபாதையில் போடும் கல்மணல், தெருமுனைப் பெட்டியில் மிச்சம் கிடந்தது. தெருப் பராமரிப்பாளரிடம் கேட்டு இரண்டு வாளி அள்ளி வந்து மீதி விதையைப் போட்டேன்.

ரீற்றா: "ரோட்டு மண்ணிலை பூவோ? உங்களுக்கு விசர்."

ஜூன் 22
முளை. தண்ணீர் அளவோடு. கை சும்மா இருக்கவில்லை; ரீற்றா தண்ணீர்க் கானை ஒளித்துவிட்டாள்.

ஜூலை 24
26 பாகை. ஆட்டிறைச்சி வாங்கியாயிற்று. மொட்டு நிறைய, பூ ஒன்றுமில்லை. வாயால் வராததை இந்தப் பூ சொல்லிவிடும் என்று நம்பியிருந்தேன். வெட்கம்.

ஜூலை 25
மெலனி மெலிந்துபோயிருக்கிறாள். சாப்பிட்டு முடியும்வரை வெயிலைப் பற்றியே கதை. பிறகு சரவணன் தொட்டிக்கு முன்னால் குந்தினான்.

"மூணு நாலு நாள்ல பூத்துடும், மாமா."

"அப்ப நாங்கள் திராமனிலை நிப்பம்," என்றாள் மெலனி.

ரீற்றா என்னைப் பார்த்தாள்.

"மேல் அறை சும்மாதான் கிடக்கு," என்றேன்.

"ரெண்டு பேருக்குமோ, அப்பா?"

"ஓம். ரெண்டு பேருக்கும்."

காரில் கிடந்த பெட்டிகளை எடுத்துவரச் சொல்லி, திறப்புக் கொத்தைச் சரவணனிடம் நீட்டினாள் மெலனி.