அழலாம் என்று சொல்லியிருக்கிறேன்

என்னங்க,

இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கமாக எழுதும் நலம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே நலம். உங்கள் முதுகுவலி எப்படி? எஞ்சின் ரூம் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். பதினைந்து நாள் முன்பே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. உங்கள் கப்பல் ஆபீஸ் மூலம் அனுப்புகிறேன். கரை தொட்டதும், போன் செய்வதற்கு முன்னால், படித்துவிடுங்கள். விஷயம் நம் வாலுப் பொண்ணைப் பற்றி. பதறாதீர்கள்.

இரண்டு மாதமாக அவள் கையில் பல் பட்ட தடம் வந்துகொண்டிருந்தது. வகுப்பில் யாரோ கடித்துவிட்டார்கள் என்று டீச்சரிடம் சண்டைக்கே போனேன். பாவம், பக்கத்து பெஞ்சுப் பையனை எல்லாரும் ஒரு வாரம் ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, தன்னைத்தானே கடித்துக்கொள்கிறாள். பட்டம் வாங்கிய நான் என்ன செய்தேன்? திட்டினேன். முழுக்கைச் சட்டை வாங்கிப் போட்டேன்.

அப்புறம் குழந்தைகள் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் யாரையும் திட்டவில்லை. தடம் எந்தெந்த நாளில் வருகிறது என்று குறித்து வரச் சொன்னார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் போன் செய்கிற நாள்.

கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். அப்பா போனில் இருக்கும்போது யாரும் அழக்கூடாது என்று நம் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறதே. போட்டது நான். ஒவ்வொரு தடவையும் ‘அழாம பேசின, சமத்து’ என்று முத்திரை குத்தியது நீங்கள். தொண்டைவரை அழுகை வருமாம், கையைக் கடித்தால் உள்ளே போய்விடுமாம். விக்கலுக்கு வைத்தியம் சொல்வதுபோல் எட்டு வயசு சொல்கிறது.

சட்டத்தை அன்றைக்கே ரத்து செய்துவிட்டேன். மனசுக்குள் எவ்வளவு கொதிக்கிறது என்று சொல்லப் பழக்கச் சொன்னார் டாக்டரம்மா. இவள் குக்கர் கணக்கில் சொல்கிறாள். ஒரு விசில் என்றால் மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். மூன்று விசில் என்றால் மொட்டை மாடிவரை ஓட வேண்டும், நானும் கூடவே. அவளுக்குக் கோபம் இறங்குகிறதோ இல்லையோ, எனக்கு இரண்டு கிலோ இறங்கிவிட்டது.

நேற்று சாயங்காலம் பென்சில் முனை உடைந்ததற்கு அரைமணி நேரம் ஊரைக் கூட்டி அழுதாள். வாய் கைப்பக்கம் போகவே இல்லை. கீழ்வீட்டுத் தையற்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடிவந்தார். நான் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறேன். பொண்ணு இப்படி அழுவுது, நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறியேம்மா என்று அவருக்கு ஒரே கோபம். எனக்கோ அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்குது என்றாள். இரண்டு தட்டு உள்ளே போனது.

குளிப்பாட்டும்போது இன்னும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒண்ணுமில்லம்மா, சோப்பைப் போடு என்கிறாள். மூன்று வாரமாகப் புதுத் தடம் இல்லை. ஆனால் இந்த மூன்று வாரமும் நீங்கள் நடுக்கடலில், போன் கிடையாது. அதனால்தான் வரும் ஞாயிறுக்கு முன்பே இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் அழுவாள். சமத்து என்று சொல்லாதீர்கள், ஜோக் அடித்துப் பேச்சை மாற்றாதீர்கள். அழட்டும். போன தடவை உங்கள் குரல் கம்மியதும் சிக்னல் இல்லை என்று வைத்தீர்களே, எங்கள் பக்கம் சிக்னல் முழுசாகத்தான் இருந்தது. இந்தத் தடவை வைக்காதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் லைனிலேயே இருப்போம்.

உங்கள்,
வாலின் அம்மா