இரண்டாயிரம் வயசுக்காரி

மண்ணுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு, நீங்கள் நிமிர்ந்து முதுகைச் சொடுக்கும் நேரத்தில் படிக்க எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் உங்கள் அவளும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. மொத்தம் நாலு பக்கம். மூன்றே முக்கால் பக்கம் அவளைப் பற்றி. மிச்சமிருந்த இடத்தில் எனக்கு, "உடம்பைப் பார்த்துக்கொள், கேஸை மூட மறக்காதே." கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் எனக்கு நாலு பக்கம் எழுதியது உண்டா? நானும் ஒரு குழிக்குள் போய்ப் படுத்திருக்க வேண்டும் போல.

போட்டோவையும் பார்த்தேன். பல்வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி லாண்டரியில், கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டினேன். இஸ்திரி போடுகிற அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, உன் புருஷனுக்கு உன்னைவிட மூத்தவதான் கேட்குதா? இவளுக்கு ரெண்டாயிரம் வயசாம்ல!" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒல்லியா வேற இருக்கா, நான் எங்கே போட்டி போடுறது" என்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கண்ணில் படாமல் கிடக்கட்டும்.

போன தடவை வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? முட்டி போச்சு, இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன், இங்கேயே கொத்து வேலைக்குப் போகிறேன் என்று. சொன்னது யார், பக்கத்து வீட்டுக்காரரா? ஆனால் இருந்த நாலு மாதமும் மழை தூறினால் போதும், "பாதியில மூடிட்டு வந்துட்டோமே, அவ மேல போட்ட தார்ப்பாய் தாங்குமா"ன்னு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தீர்கள். அந்த மழையில்தான் நம் குளியலறைக் கூரை ஒழுகியது. வாளி வைத்தது நான். அப்புறம் தோண்டும் வேலையை நடத்துகிற உங்கள் மேடத்தின் கடிதம் வந்தது. நாலாம் நாள் பெட்டியோடு நின்றீர்கள். முட்டி அன்றைக்கு எங்கே போனதோ.

கோபமில்லை. கொத்தனார் கைக்கு இவ்வளவு பொறுமையா என்று அங்கே படித்தவர்களெல்லாம் மெச்சுவது எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு விஷயம் தொண்டையில் நிற்கிறது, சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய வலது கையை மட்டும் பதினோரு நாள் பிரஷ் வைத்துத் துடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மணிக்கட்டு எலும்பு தேய்ந்திருப்பதை முதலில் கண்டது நீங்கள்தானாம். "இவள் வருஷக்கணக்கா எதையோ பிழிஞ்சிருக்கா, ராத்திரியில வலிச்சிருக்கும், பாவம்" என்று நீங்கள் சொன்னதும் மேடம் கைதட்டினார்களாம்.

பாவம்தான். நானும் பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைப் பிழிந்து உதறி மடிக்கிறேன். எனக்கும் அதே வலது கைதான். நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்தீர்களே, காபித் தம்ளரை ஏன் இரண்டு கையாலும் பிடிக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டீர்களா? எலும்பாகிப் போனால்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியுமோ என்னவோ.

மறைத்து வைத்துப் பயனில்லை. இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதுகிறேன். எழுதி முடிக்க மூன்று நாளாகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, வலது கையில் எழுதினாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. டாக்டர், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்னதாகக் கீறிவிட வேண்டும், அடுத்த மாதம் இருபதாம் தேதி வா என்றார். அப்புறம் ஒன்றரை மாதம் ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாதாம். "வீட்டுல கூட யாரும்மா இருக்காங்க?"ன்னு கேட்டார். "வீட்டுக்காரர் எலும்பு பார்க்க வெளிநாடு போயிருக்கார்" என்றேன். மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அட, எலும்பு டாக்டரா?" என்றார். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. உங்களுக்கு அந்த மரியாதையாவது கிடைக்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தோண்டும் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, அவளைப் பெட்டிகளில் அடுக்க இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார் மேடம், உன் இஷ்டம் என்ன என்று எழுதியிருந்தீர்கள். முதலில் "இருந்துட்டு வாங்க" என்றுதான் ஒரு தாளில் எழுதினேன். நல்ல பொண்டாட்டி என்று பேர் வாங்கலாமே. படித்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

அவள் இத்தனை காலம் மண்ணுக்குள் பொறுத்தவள், ஆறு மாதம் அவளுக்கு ஒரு பொருட்டா? அடுக்க வேறு கை கிடைக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இருபதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

கிளம்பும் முன்னே அவள் வலது கையை மட்டும் நீங்களே பஞ்சு வைத்துப் பத்திரமாகக் கட்டுங்கள். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். அவளுக்கும் அது வலித்த கைதானே. முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு உட்காருங்கள். கடவுள் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உங்கள் மனைவி