அழுகைக் காட்சியில் நான் பேசியது

1920 மார்ச் 9, ஃப்ரெஸ்னோ

திராட்சை பொதியும் கொட்டகையில் இன்று வேலை பாதியில் நின்றது. சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். துருக்கிச் சிப்பாய்கள் எங்கள் ஆர்மீனிய ஜனங்களைப் பாலைவனத்தில் விரட்டியடித்ததைப் படமாக எடுக்கப் போகிறார்களாம். கூட்டத்தில் நிற்க, நிஜமாகவே தப்பி வந்தவர்கள் வேண்டுமாம். அவர்களோடு வந்த துபாஷி மிஹ்ரான் நம்ம ஆள்தான். "பாலைவனத்துல நடந்தவங்க எல்லாம் கையத் தூக்குங்க" என்றான். நானும் தூக்கினேன்.

மார்ச் 16, கடற்கரை

இதுதான் பாலைவனமாம். கேமராவுக்கு முன்னால் மணல், பின்னால் கடல். உச்சி வெயிலில் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு வேறு. அன்றைக்கும் இப்படி இருந்திருந்தால் முனகாமல் நடந்திருப்பேனே!

உடுத்தக் கொடுத்தது மெல்லிய துணியில் ஒரு கால்சட்டை, நெற்றியில் காசுத் தொங்கல். கொட்டகையில் என் பக்கத்தில் நிற்கும் சாதெனிக்கும் வந்திருக்கிறாள். "அக்கா, இந்தக் கோலத்துல என் மாமியார் பாத்திருந்தா சிப்பாய் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டா, அவளே என்னைக் கொன்னிருப்பா" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். இயக்குநர் ஹாலம் ஓடி வந்தார். தப்பி வந்தவர்கள் சிரிக்கக் கூடாதாம்.

மார்ச் 17

நடந்தோம். மறுபடியும் நடந்தோம். முதல் தடவை சோகம் போதவில்லையாம்.

மார்ச் 18

நாளைக்கு எனக்கு மட்டும் தனியாக ஒரு காட்சி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வானத்தைப் பார்த்து அழ வேண்டும். வேறு யாரையாவது போடச் சொன்னேன். "உனக்குத்தான் அழற முகம்க்கா" என்றான் மிஹ்ரான். அவனுக்கு என்ன தெரியும்?

ஐந்து வருஷத்துக்கு முன் அந்தப் பாலைவன நடையில், ஆற்றங்கரையில் நான் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது என் மகள் பெரூஸை ஓரகத்தி குல்வார்த் தூக்கிக்கொண்டாள். அவர்களைத் தோணியில் ஏற்றினார்கள். என்னை ஏற்றவில்லை. பெரூஸுக்கு அப்போது மூன்று வயது. இங்கே வந்த நாளிலிருந்து நம் பத்திரிகையில் 'தேடுகிறேன்' பகுதியில் விளம்பரம் போடுகிறேன். குல்வார்த்துக்கோ எழுத்தே தெரியாது. யார் படிக்க இதைப் போடுகிறேன்? பைத்தியக்காரி.

அவளுக்குப் படிக்கத் தெரிந்தது கைதான். எங்கள் ஊரில் புது மருமகள் மாமனார் மாமியார் முன்னால் வாய் திறக்கக் கூடாது. நாலு வருஷம் ஒரே அடுப்படியில் நானும் அவளும் கையாலேயே பேசினோம். கையாலேயே சண்டை போட்டோம், கையாலேயே மாமியாரைத் திட்டினோம்.

இந்தப் படம் கடல் தாண்டிப் போகும் என்கிறார்கள்—

மார்ச் 19

சொல்லிவிட்டேன்.

ஹாலம் "அழு, அழு" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். குல்வார்த், நான் வெர்கினே. உயிரோடு இருக்கிறேன். பெரூஸ் உன்னிடம் இருக்கிறாளா? ஃப்ரெஸ்னோவுக்குக் கைப்பேச்சில் ஏது சொல்? இல்லாத தாடியை உருவி, நெஞ்சில் சிலுவை போட்டு, பாதிரியாரிடம் சொல்லி எழுத வை என்று முடித்தேன்.

கேமராக்காரர் இன்னும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. நெற்றியோரம் இரண்டு கையையும் வைத்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டினேன். கழுதை என்று அர்த்தம். மாமியாருக்கு நாங்கள் வைத்திருந்த பெயரை ஹாலமுக்குக் கொடுத்தேன்.

மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழ்த்திசையின் ஆதி சோகமாம் அது! கதாநாயகிக்கும் சொல்லிக்கொடு என்றார். எல்லாவற்றையும் அல்ல, கடைசியில் செய்ததை மட்டும். அதுதான் அவர் மனத்தைத் தொட்டதாம். நானும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன்.

1921 ஜனவரி 22, ஃப்ரெஸ்னோ

படம் வந்துவிட்டது. முன் வரிசைகளில் தொப்பி வைத்த அமெரிக்கச் சீமாட்டிகள், பின்னால் நாங்கள். என் காட்சி வந்தபோது நம் பெண்கள் முன்னால் குனிந்தார்கள். கையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

பிறகு கதாநாயகி சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டாள். கண்ணீர் வழிய ஆண்டவரைப் பார்த்துக் கழுதை என்றாள். ஒரு தடவையா, மூன்று தடவை! பின் வரிசையே குலுங்கிச் சிரித்தது. ஒரு சீமாட்டி, துக்கத்தில் இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தன் கைக்குட்டையை எங்களிடம் நீட்டினாள்.

வெளியே பாதிரியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஆண்டவரையே கழுதைன்னு சொல்ல வெச்சுட்டியே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் விலாசத்த எழுதிக் குடு. நம்ம கோயில் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் அனுப்பறேன்" என்றார்.

ஏப்ரல் 3

ஒன்றும் வரவில்லை.

ஜூன் 30

அலெப்போவிலிருந்து ஒரு கடிதம். நின்றபடியே பிரித்தேன். யாரோ ஒருத்தி. படத்தில் என் பின்னால் நிற்பது தன் தங்கைதானே என்று கேட்கிறாள். என் பின்னால் நின்றது கலிபோர்னியாக்காரி, முகத்தில் கரி பூசியவள். இதை எப்படி எழுதுவது? இவர்களுடைய படமும் ஆச்சு, மண்ணும் ஆச்சு.

நவம்பர் 11

பெய்ரூட்டிலிருந்து. குல்வார்த் சொல்லச் சொல்ல அங்கிருக்கும் பாதிரியார் எழுதியிருக்கிறார், ஒரு சொல்லையும் திருத்தாமல்:

"அடியே வெர்கினே, இங்க அனாதை விடுதியில துணி துவைக்கறேன். ஆர்மீனியங்க எப்படிக் கஷ்டப்பட்டாங்கன்னு எங்களுக்கே படம் காட்டினாங்கடி, அத்தனை புண்ணியவானுங்க. உன்னப் பாத்ததும் கூடையப் போட்டுட்டு நானும் கையால கத்தினேன். நீ பாட்டுக்கு அழுதுட்டுப் போயிட்ட. பெரூஸ் எங்கூடதான் இருக்கா. பேனுக்காக மொட்டை போட்டுட்டாங்க. மொட்டைத் தலையோட போட்டோவுக்கு நிக்க மாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம், உன் பொண்ணுதானே! நான் மட்டும் போய் நின்னேன்."

புகைப்படத்தில் குல்வார்த் தனியாகத்தான் நிற்கிறாள். இடது கை நாற்காலி மேல் இருக்கிறது. வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, நெஞ்சளவில் நிறுத்தியிருக்கிறாள்.

இவ்வளவு உயரம்.

நவம்பர் 12

குல்வார்த் என் காது வரை இருப்பாள். சாதெனிக் என்னைக் கதவோரம் நிறுத்திக் கணக்குப் போட்டு, பெரூஸின் உயரத்தில் ஒரு கோடு கிழித்தாள். நீலத் துணியை வெட்டியாகிவிட்டது. சட்டை போய்ச் சேர இரண்டு மாதமாகும் என்பதால் கீழ் மடிப்பில் நாலு விரல் கூடுதலாக விட்டிருக்கிறேன்.