சுவருக்குள் ஒரு தேள்

செப்டம்பர் 3

என்னங்க,

நலம்தானே? இங்கே நானும் வாண்டும் நலம். "வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது?" என்று போன கடிதத்தில் அதிகாரி மாதிரிக் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

இந்தப் பழைய பண்ணை வீட்டை நாம் வாங்கியபோது "இதுக்கு வீடுன்னு பேரா?" என்று சிரித்தாரே உங்கள் அண்ணன், அவர் இப்போது வந்து பார்க்க வேண்டும். மாட்டுக் கொட்டகையில் கிடந்த பலகைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சமையலறைக்கு மூன்று தட்டு அடித்துவிட்டேன். கடையில் உடைசல் என்று ஒதுக்கிப் போட்ட ஓட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து குளியலறைத் தரையில் பதித்தேன். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் மேடு. வந்து தடுக்கி விழுந்தால் என்னைத் திட்டாதீர்கள், கீழே பார்த்து நடங்கள். விரலெல்லாம் சுண்ணாம்பு அரித்த புண். வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? பழசைத் தட்டி நிமிர்த்துகிறவளை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

பழைய சாமான் கடையில் ஒரு தண்ணீர் ஹீட்டர் கிடைத்தது. லீவில் வந்தபோது நடு அறைச் சுவர் வழியாகக் குளியலறைக்கு ஒயர் இழுத்துப் புதைத்துவிட்டுப் போனீர்களே, அதில் மாட்டிவிட்டேன். ஜம்மென்று வேலை செய்கிறது. நீங்கள் பூசிய இடம் திட்டுத் திட்டாக இருந்தது. அதன்மேல் நானே கரணை பிடித்துப் பூசிவிட்டேன். என் பூச்சின் பெருமையைக் கேளுங்கள்: பகல் வெயிலையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் சுவர் கதகதவென்று இருக்கிறது! வாண்டுதான் கண்டுபிடித்தாள். "அம்மா, சுவருக்குக் காய்ச்சல்" என்றாள்.

மலையடிவாரம் இல்லையா, இங்கே இப்போதே குளிர் தொடங்கிவிட்டது. அதனால் அவள் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டேன். முதுகை அதில் ஒட்டிக்கொண்டு சுகமாகத் தூங்குகிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மேஸ்திரி


செப்டம்பர் 14

என் மேஸ்திரிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அறையில் இருக்கிறவர்கள் "என்னப்பா, பரீட்சைக்கா படிக்கிறே?" என்று கேலி செய்கிறார்கள். நீ செய்திருக்கும் வேலைக்கு இந்தப் பட்டறையில் பத்து ஃபிட்டர் சேர்ந்தாலும் ஈடாகாது.

ஒரு விஷயம். வாண்டு கட்டிலை அந்தச் சுவரிலிருந்து உடனே எடுத்துவிடு. நாளைக்கு என்று வைக்காதே. லீவில் ஒயர் இழுத்தபோது அந்தச் சுவர்ப் பொந்தில் ஒரு கருந்தேளைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். நீ பயப்படுவாயே என்றுதான் அப்போது சொல்லவில்லை.

ஹீட்டரையும் போட வேண்டாம். பழைய சாமானை நம்ப முடியாது. அடுப்பிலேயே தண்ணீர் காய்ச்சிக்கொள். ஒயர் வேலையில் குறை ஒன்றும் இல்லை, ஒயர்மேன் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போன வேலை. அதைப் போட்டு நோண்டிக்கொண்டிருக்காதே. தேளுக்காகத்தான் சொல்கிறேன்.

கட்டிலை மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வாண்டுக்கு முத்தம்.

உன் ஃபிட்டர்


செப்டம்பர் 26

என்னங்க,

நல்லா கிளப்பிவிட்டீர்கள் பீதியை! உங்கள் கடிதம் வந்த நிமிடத்திலிருந்து கையில் துடைப்பமும் கண்ணில் தேளுமாக அலைகிறேன். வாண்டு செருப்பை நான்கு தடவை தட்டிவிட்டுத்தான் காலை விடுகிறாள். பள்ளிக்கூடப் பையையும் கவிழ்த்துத் தட்டுகிறாள். "அப்பா பார்த்த தேளுக்குக் குட்டி இருக்குமா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

கட்டிலை மாற்ற முடியவில்லை. பக்கத்து அறையில் ஓடு ஒழுகி நடுவில் குளமே நிற்கிறது. என் அறையில் மரச் சாமானும் சிமெண்டு மூட்டையும். நடு அறையின் மற்றச் சுவர்களோ ஈரம் கோத்துக் கிடக்கின்றன. அதனால் தேளுக்குத்தான் வழியை அடைத்தேன். மிச்சமிருந்த கொட்டகைப் பலகைகளை அந்தச் சுவர் முழுக்க வரிசையாக அடித்து, சந்துகளில் மரத்தூளும் பழந்துணியும் திணித்துவிட்டேன். ஒரு எறும்பு வெளியே வரட்டும், பார்க்கலாம். பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஹீட்டரைக் கடைக்காரரே வந்து சோதித்தார், ஒரு பழுதும் இல்லையாம். குளிரில் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்ட? போடத்தான் செய்கிறேன்.

இதுவரை எழுதியது தமாஷ். இனிமேல் எழுதுவது அப்படியில்லை.

நான்கு நாளாக இங்கே அடைமழை. வெயில் என்பதே இல்லை. ஆனாலும் சுவர் சூடாக இருக்கிறது. பலகைக்கு மேலே கை வைத்தாலும் தெரிகிறது. நேற்றுச் சாயங்காலம் அந்த அறையில் மீன் கருகின மாதிரி ஒரு வாடை. அடுப்பில் ஒன்றுமே இல்லை. நாய் மாதிரி மோந்துகொண்டே வீட்டைச் சுற்றினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனது கேட்கவில்லை. பயமாக இருக்கிறதுங்க.

உண்மையைச் சொல்லுங்கள். அங்கே இருப்பது தேள் மட்டும்தானா? ஒயர்மேன் எப்போது வந்து பார்த்தார்? அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் போயிருந்த அந்த வாரத்திலா?

உடனே பதில் போடுங்கள்.

உங்கள் மேஸ்திரி


அக்டோபர் 7

இந்த வரியோடு நிறுத்து. எழுந்து போய் மெயினை அணை. ஈரக் கையோடு தொடாதே. அணைத்துவிட்டு வந்து மற்றதைப் படி.

அணைத்துவிட்டாயா?

அங்கே தேள் இல்லை. ஒரு காலத்திலும் இருந்ததில்லை. ஒயர்மேனும் வரவில்லை.

நீ அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம், லீவு முடிய ஒரு நாள்தான் பாக்கி. புது ஒயர் பாதிச் சுவரோடு தீர்ந்துபோனது. கடை பூட்டியிருந்தது. நீ திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் குளியலறையில் விளக்கு எரிய வேண்டும், நீ வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. மாட்டுக் கொட்டகையில் துணி சுற்றிய பழைய ஒயர் தொங்கிக்கொண்டிருந்ததே, அதைப் பிடுங்கி மூன்று இடத்தில் முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, மேலே பூசிவிட்டேன். ஒரு விளக்குக்குத் தாங்கும் என்று நினைத்தேன். அடுத்த லீவில் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நீ ஹீட்டர் மாட்டுவாய் என்று நினைக்கவில்லை.

"யார் பார்த்தாங்க, சரியா இருக்கா?" என்று நீ கேட்டாய். ஒயர்மேன் பார்த்தார் என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பொய்க்குக் காவல் இருப்பதே என் பிழைப்பாகிவிட்டது.

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. பலகையும் மரத்தூளும் என்று படித்ததும் பட்டறை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு தடவை தந்தி ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்றேன். நம் ஊர்த் தந்திக்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்துத்தான் தாளைக் கையில் கொடுப்பார். "சுவர் ஒயர் தவறு, மெயினை அணை" என்று அவர் கத்துவதை நினைத்தேன். ஃபிட்டர் தன் வீட்டையே கொளுத்தப் பார்த்தான் என்று ஊர் பேசும். திரும்பி வந்துவிட்டேன். இப்போது இதை எழுதுகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

நான்


அக்டோபர் 19

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மெயினை அணைக்க எழுந்து போக வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் மூன்றாம் தேதி மத்தியானமே அணைத்தாகிவிட்டது.

அன்றைக்கு வாண்டுக்கு லேசான சுரம். பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் கட்டிலில் படுத்திருந்தாள். துணி துவைக்க ஹீட்டரைப் போட்டுவிட்டு நான் முற்றத்தில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். "அம்மா, தேள் சுருட்டு குடிக்குது" என்றாள்.

நான் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை. சிரித்துவிட்டு, "அப்படியா, இரு வரேன்" என்று இன்னும் இரண்டு சுற்றுக் கரைத்தேன். அப்புறம்தான் வாடை வந்தது.

உள்ளே போனபோது பலகைச் சந்துகளிலிருந்து புகை. காய்ந்த துடைப்பக் கட்டையால் மெயினைத் தட்டிவிட்டேன். கடப்பாரையால் பலகையை நெம்பி எறிந்தேன். இரண்டு பலகை பின்பக்கம் கரியாகிவிட்டிருந்தது. மரத்தூள் கனன்றுகொண்டிருந்தது. அவள் தலையணை இருந்த உயரத்தில். கரைத்து வைத்திருந்த சுண்ணாம்புத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். கட்டில் பாழ். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளங்கையில் கொப்புளம், ஆறிக்கொண்டு வருகிறது.

அப்போதும் உங்களைச் சந்தேகிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே ஒயர்மேன் கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "மனுஷனாய்யா நீ? நீ பாத்த வேலைன்னு நம்பித்தானே பிள்ளையை அங்க படுக்கப் போட்டேன்!" என்று கத்தினேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, உங்க வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே" என்றார்.

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை எழுத எனக்கு வராது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். உங்களுடையது எட்டு மாதம் தாங்கி, ஒரு கடைவாசலில், என் வாயில் அவிழ்ந்தது.

அவர் கடையை மூடிவிட்டு என்னோடு வந்தார். சுவரைப் பார்த்தார். "இது தெரியாதவன் செஞ்சதில்லைம்மா. தெரிஞ்சவன் அவசரத்துல செஞ்சது. முறுக்கு தளர்ந்தா சூடாகிக்கிட்டே இருக்கும், பியூஸும் போகாது" என்றார். மூன்று நாள் அவரோடு கூட நின்று சுவர்மேல் குழாய் பொருத்தி, அதற்குள் புது ஒயர் இழுத்தேன். இப்போது அந்தச் சுவரில் பூச்சு இல்லை. குழாய் வெளியே தெரிய ஓடுகிறது. அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

வேலை தவறியதை நான் மன்னித்திருப்பேன். என் குளியலறை மூலையும் மேடுதான். ஆனால் சுவர் சூடாக இருக்கிறது, பிள்ளை முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கிறாள் என்று செப்டம்பரிலேயே எழுதினேன். படித்த நிமிடமே உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தேளை எழுதினீர்கள். அந்தத் தேளுக்குப் பயந்துதான் நான் மரத்தூளைத் திணித்தேன். இரண்டு தடவை வரிசையில் நின்று திரும்பினேன் என்கிறீர்கள். அதையாவது எனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். தந்திக்காரர் கத்தினால் கத்திவிட்டுப் போகிறார். என் பிள்ளையின் உயிரைவிட உங்கள் மானம் என்ன பெரிய மானம்?

லீவுக்கு வாருங்கள். வராதீர்கள் என்று சொல்லமாட்டேன், அவள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வந்ததும் முதலில் ஒயர்மேன் கடைக்குப் போய், அதே நாலு பேர் நிற்கும்போது, நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து, சுவரில் தேளே இல்லை, அப்பா பொய் சொன்னேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நான் இன்னும் சொல்லவில்லை. அதை நான் சொல்லக்கூடாது. இன்றைக்குக் காலையிலும் செருப்பை நான்கு தடவை தட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது மிச்சமிருந்தால், அது அதற்குப் பிறகு. படுக்கை உங்கள் அண்ணன் வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதனுடன் அந்த ஒயரில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.

வாண்டுவின் அம்மா