வெண்முதுகும் புள்ளியும்

12 செப்டம்பர் 1984

மறுபடி மூடுபனி. அங்கப்பனின் சாமைக் கொல்லை ஓரம் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். புள்ளிச்சில்லைக் குருவிகள் கதிரில் தொங்கின. மார்பில் செதில் செதிலாகக் கோடு. வெண்முதுகுச் சில்லைகள் வேலிக்கு அப்பால், எஸ்டேட் புல்லில். ஒரே உருவம். ஒரே அலகு. பிறகு ஏன் இந்தப் பிரிவு? விடை கிடைத்தால் என் ஆய்வு முடிந்தது.

19 செப்டம்பர்

அங்கப்பன் கண்ணி வைத்து இரண்டையும் பிடிக்கிறார். சிலவற்றை எனக்குத் தருகிறார். மற்றவை முழுதாகவே குழம்பில். என்னுடையவற்றை அறுத்துப் பார்த்தேன். புள்ளிக்குள் சாமை. வெண்முதுகுக்குள் வெறும் புல்விதை.

“குருவி வவுத்தக் கிளறறதுக்கும் பட்டம் குடுப்பாங்களா சாமி?” என்றார் அவர் மனைவி கண்ணாயி அக்கா.

கொடுப்பார்கள். அட்டவணை அவ்வளவு சுத்தமாக வருகிறது.

27 செப்டம்பர்

பனி. எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும்.

2 அக்டோபர்

பாதிக் கதிர் போய்விட்டது. அங்கப்பன் நொய்யரிசியில் பூச்சிமருந்தைக் கலந்து கொல்லையெங்கும் இறைத்தார். கோழிகளைக் கூடை போட்டு மூடினார். இனிக் குருவிக் குழம்பு கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சேலம் போனார்.

அவர் போனதும் அக்கா என்னிடம் கேட்டார்: “வெள்ளமுதுகு கொல்லைக்குள்ள வராதுன்னீங்களே. அதைத் திங்கலாமுங்களா?”

வராது, தின்னலாம் என்றேன். உண்மைதானே — இதுவரை.

4 அக்டோபர்

எஸ்டேட்காரர்கள் வேலியோரப் புல்லைச் செதுக்கிவிட்டார்கள். கொல்லைக்குள் வெண்முதுகுகள். புள்ளிகளோடு கலந்து, நொய்யைக் கொத்திக்கொண்டு.

அட்டவணை போச்சு — முதலில் தோன்றியது இதுதான். பிறகுதான் அக்கா. ஓடினேன்.

சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

“கண்ணியே தேவப்படல சாமி. வெள்ளமுதுகு பறக்கவே மாட்டேங்குது. கையாலயே புடிச்சேன்.”

பேசும்போதே வாயோரம் எச்சில் வழிந்தது. முந்தானையால் துடைத்தார். மறுபடி வழிந்தது.

5 அக்டோபர்

நேற்று சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அங்கப்பன் அப்படியே எங்களோடு ஏறினார். அக்காவின் தலை அவர் மடியில். வளைவுக்கு வளைவு அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டார். என்ன தின்றாள் என்று கேட்டார். சொன்னேன். யார் தின்னச் சொன்னது என்றார். அதையும் சொன்னேன். துண்டால் அக்காவின் வாயைத் துடைத்தார்.

அடிவாரத்து விளக்குகள் தெரிந்தன. இனி நேர் ரோடு. டிரைவர் வேகம் கூட்டினார். அங்கப்பன் அவர் தோளைத் தொட்டார்.

“மெதுவாப் போங்க. ஊட்டுக்கே திருப்பிக்கலாமுங்க.”