தொட்டாற்சுருங்கி விரியும் வரை

மார்ச் 8, ஞாயிறு.

என் வீட்டுக்காரரைத் தூக்கி இறக்கியதில் உடம்பெல்லாம் வலிக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் படுக்க முடியவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து இவர் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. அசைவில்லாமல் போன வலது கைக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் விட்டுவிட்டார். இன்று மாதா கோயில் பூசை முடிந்ததும், வற்புறுத்திக் காரில் ஏற்றி, சுங்கை சிப்புட்டுக்கு வெளியே பழைய ரப்பர்த் தோட்டம் வரை ஓட்டிப்போனேன். மரங்கள் இலை கொட்டி முடித்து, செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தன. ஓரமெல்லாம் செண்டுடுக் செடிகள் ஊதாவாகப் பூத்திருந்தன. புல்லில் பாய் விரித்து, மரத்தில் சாய்த்து உட்காரவைத்தேன். பக்கத்தில் தொட்டாற்சுருங்கி இளஞ்சிவப்புப் பூவோடு படர்ந்து கிடந்தது.

வெயில் ஏறியது. "போலாங்களா? எனக்கு முடியல லா," என்றேன்.

"இரு. இது திறக்கட்டும்."

குனிந்து பார்த்தேன். ஒரு கொத்து இலை மூடிக் கிடந்தது. அதன் அருகில் இவருடைய வலது கை. இலை மெல்ல விரிந்ததும் சுட்டுவிரல் நகர்ந்து அதைத் தொட்டது. இலை மறுபடி மூடிக்கொண்டது. இடது கை மடியில்தான் இருந்தது. நான் மூச்சுவிடப் பயந்து நின்றேன்.

ராத்திரி சோறு ஊட்டும்போது, "விரல் அசைஞ்சிச்சுங்க, நான் பாத்தேன்," என்றேன்.

"இலை காத்துல மூடியிருக்கும். சும்மா ஆசைய வளத்துக்காத," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று அங்கே காற்றே இல்லை.