படகின் பின் இருக்கை

கன்டர்ஸ்வில், அலபாமா
மார்ச் 10, 1994

அன்புள்ள வெர்னா,

நான் நலம். நீயும் எர்லீனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்காவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இலையுதிர் காலம் போய்க் குளிர்காலமும் போய்விட்டது. இந்நேரம் அவள் அந்தக் காலை வைத்துக்கொண்டு நடனமே ஆடலாம். நீ மட்டும் இன்னும் மிசௌரியில் அவளுக்கு சூப் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

இங்கே ஒரு வாரமாக மழை. ஏரி பால் விட்ட காப்பி மாதிரி இருக்கிறது. நேற்று விடிந்ததிலிருந்து மதியம் வரை வெள்ளை ஸ்பின்னர் தூண்டிலை வீசினேன், இலை வடிவத்தில் சுழலும் தகடு இரண்டு வைத்தது. ஒரு பாஸ் மீன்கூட முகர்ந்து பார்க்கவில்லை. டாயலின் தூண்டில் கடையில் எல்லோருக்கும் நான்தான் இப்போது பொழுதுபோக்கு. "என்னப்பா ஹாய்ட், மீன் பிடிக்கிற ஆள ஊருக்கு அனுப்பிட்டு, நீ சும்மா படகு ஓட்டிக்கிட்டுத் திரியிறியா?" என்று கேட்கிறான் டாயல். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் தூண்டில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. எது எந்தத் தண்ணீருக்கு என்று ஒன்றும் விளங்கவில்லை. கலங்கலில் நீ எதைக் கட்டுவாய்?

ஏப்ரல் 30 சனிக்கிழமை ஜோடி மீன்பிடிப் போட்டி. தனி ஆளைச் சேர்க்க மாட்டார்கள் என்று உனக்கே தெரியும். நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

உன்
ஹாய்ட்

*

கிம்பர்லிங் சிட்டி, மிசௌரி
மார்ச் 17, 1994

அன்புள்ள ஹாய்ட்,

உன் கடிதம் வந்தது. எர்லீனிடம் நடனச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "அந்த ஆள் வரட்டும், முதல் உதை இந்தக் கால்லதான்" என்றாள். ஆக, கால் நன்றாக இருக்கிறது.

பெட்டியின் இடது மூலையில் கறுப்பும் மஞ்சளும் கலந்த குஞ்சம் வைத்தது ஒன்று இருக்கும். ஒற்றை வட்டத் தகடு. அதைக் கட்டு. இலைத் தகடு பளபளப்பதற்கு. கலங்கலில் மீனுக்குக் கண் தெரியாதபோது பளபளப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வட்டத் தகடு சுற்றும்போது தண்ணீர் அதிரும், அந்த அதிர்வை மீன் உடம்பாலேயே உணரும். நூலை மெதுவாகச் சுற்று. அந்தத் துடிப்பு உன் மணிக்கட்டில் தெரிய வேண்டும். தண்ணீருக்குள் இருக்கிற மர அடிக்கட்டையில் மோதட்டும், பயப்படாதே. மோதியதும் ஒரு நொடி விடு. அங்கேதான் கவ்வும்.

உன்னால் மெதுவாகச் சுற்ற முடியுமா என்பது வேறு விஷயம்.

பெயர் கொடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரவில் இருமல் இருக்கிறதா? மருந்து மேல் அலமாரியில் இருக்கிறது, வலது பக்கம்.

உன்
வெர்னா

*

கன்டர்ஸ்வில்
ஏப்ரல் 4, 1994

அன்புள்ள வெர்னா,

இருமல் தேவலாம். இப்போது எனக்கு வேறு வியாதி. அதன் பெயர் டாயல்.

நம் மோட்டார் படுத்துவிட்டது. பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை டாயல், "என் படகுல வாயேன்" என்றான். போனேன். படகு அவனுடையது, அதனால் வழக்கப்படி முன் இருக்கையும், படகைத் திருப்புகிற கால்மிதி மோட்டாரும் அவனுக்கு. எனக்குப் பின் இருக்கை. அது நியாயம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் வெர்னா, மனிதன் அவனைப் போல நடந்துகொள்ளலாமா? கரையோரம் இருக்கிற ஒவ்வொரு அடிக்கட்டையிலும் அவன்தான் முதலில் வீசுகிறான். ஒன்றுக்கு இரண்டு முறை வீசுகிறான். என் முறை வரும்போது அந்த இடத்தில் மீன் எல்லாம் மிரண்டு போயிருக்கிறது. நான் ஒரு கட்டையைக் கண்ணால் பார்த்து, கழியை ஓங்கினால், மிதியை அழுத்திப் படகைத் திருப்பிவிடுகிறான். என் பக்கம் நடு ஏரி. ஒரு குச்சி இல்லை, ஒரு புல் இல்லை. நாள் முழுக்க நான் பார்த்தது அவன் இடுப்பு பெல்ட்டைத்தான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, "டாயல், எனக்கும் ஒரு கட்டையக் காட்டேன்பா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னாடியும் தண்ணிதானப்பா இருக்கு" என்றான்.

பின்னாடியும் தண்ணிதானாம்! வந்ததிலிருந்து அதையே நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை. கூட வந்த ஆளை ஒருத்தன் இப்படி நடத்துவானா? நீயே சொல்.

வட்டத் தகட்டைத்தான் கட்டியிருந்தேன். அதற்கு ஒரு வாய்ப்பே கிடைக்கவில்லை.

உன்
ஹாய்ட்

*

கிம்பர்லிங் சிட்டி
ஏப்ரல் 9, 1994

அன்புள்ள ஹாய்ட்,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் எர்லீன் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு?" என்றாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

"பின்னாடியும் தண்ணிதான் இருக்கு." இதை நான் முதலில் கேட்டது நம் தேனிலவில். சொன்னது டாயல் இல்லை.

அவன் மேல் கோபப்படாதே. உனக்கு அது ஒரு சனிக்கிழமை.

மெதுவாகச் சுற்ற எங்கே கற்றுக்கொண்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீ இலைத் தகட்டை விறுவிறுவென்று இழுத்து மிரட்டிவிட்டுப் போன இடங்கள்தான் எனக்கு மிச்சம். மிரண்ட மீன் கட்டைக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே மெதுவாக, மிக மெதுவாகப் போக வேண்டும். அப்படித்தான் வட்டத் தகட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ, "வெர்னாவுக்கு அதிர்ஷ்டம்" என்று கடையில் சொல்வாய்.

மோட்டார் சரியாகிவிட்டதா?

வெர்னா

*

கன்டர்ஸ்வில்
ஏப்ரல் 15, 1994

அன்புள்ள வெர்னா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாக மேசையில் கிடந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். இப்போது ஒருவனுக்குச் சோள ரொட்டி சுடத் தெரியவில்லை எனக்கு. எப்படிச் சுட்டாலும் இருவருக்கு வந்துவிடுகிறது.

மோட்டார் வந்துவிட்டது. நேற்று படகில் ஒரு வேலை செய்தேன். உன் நீலக் குஷனை எடுத்து முன் இருக்கையில் கட்டினேன். கால்மிதியை உன் கால் எட்டுகிற அளவுக்குக் கிட்டே நகர்த்தித் திருகினேன். உன் பெட்டியை முன்னால் வைத்தேன். பிறகு நான் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். படகு கொட்டகையில்தான் நின்றது, ஏரியில் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

30ஆம் தேதி வா, வெர்னா. எந்தக் கட்டை வேண்டுமோ நீ முதலில் வீசு. எங்கே திருப்ப வேண்டுமோ நீ திருப்பு. நான் பின்னாலிருந்து வலை பிடிக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன். இதை நம்ப உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குமே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வீடு நன்றாக இல்லை. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதைக் கடிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

படகுத் துறையில் விடியும் முன்னே நிற்பேன்.

உன்
ஹாய்ட்

*

கிம்பர்லிங் சிட்டி
ஏப்ரல் 22, 1994

அன்புள்ள ஹாய்ட்,

குஷனைப் பற்றி எழுதியிருந்ததை நிறைய முறை படித்தேன். ஒரு வருஷம் முன்னால் அதைச் செய்திருந்தால், எர்லீனின் கால் சரியான அன்றே பஸ் ஏறியிருப்பேன்.

நான் வரவில்லை. போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. டாயலுக்கு ஜோடி இல்லை, அவனைக் கூப்பிடு.

போன மாதம் இங்கே ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கினேன். சின்னது. ஒரே ஒரு இருக்கை. முன்னால் பின்னால் என்ற பேச்சே அதில் இல்லை.

இங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி. என் வட்டத் தகடு எடுபடவில்லை. அப்போது நீ எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது. தெளிந்த தண்ணீரில் சின்ன இலைத் தகடு, வேகமாக, மேல்மட்டத்திலேயே இழு, மீனுக்கு யோசிக்க நேரம் கொடுக்காதே. அப்படியே செய்தேன். நான்கு பவுண்டு இருக்கும் மீன் ஒன்று படகு ஓரத்தில் வந்து கவ்வியது. கையில் தூக்கியதும், "பாத்தியா!" என்று திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை, ஹாய்ட். தண்ணீர்தான் இருந்தது. வலித்தது. மீனைத் தண்ணீரில் விட்டேன். அப்புறம் மறுபடியும் வீசினேன். எனக்குப் பிடித்த கட்டையில், முதல் ஆளாக.

பெட்டியை நீயே வைத்துக்கொள். இருமல் வந்தால் மருந்தைக் குடி, வீராப்பு காட்டாதே. மெதுவாகச் சுற்று.

பின் இருக்கையில் யார் வந்து உட்கார்ந்தாலும், அவருக்கு ஒரு கட்டையை விட்டு வை.

வெர்னா